சனிக்கிழமைச் சம்பளத்தில் வளர்ச்சி தெரிகிறதா?

2025 மார்ச் 19 அன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிகள் நின்றன. சோமனூர், பல்லடம், அவிநாசி, தெக்கலூர், மங்கலம் ஆகிய ஊர்களில் தறிச் சத்தம் நின்றால்தான் மக்களுக்குத் தூக்கம் கலையும் என்று சொல்வார்கள். அந்தச் சத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் கேட்கவில்லை. ஒன்றேகால் லட்சம் தறிகள் சம்பந்தப்பட்ட அந்த வேலைநிறுத்தம் உண்ணாவிரதம் வரை போய், பேச்சுவார்த்தைகள் பலமுறை முறிந்து, ஏப்ரலில் சோமனூர் ரகத் துணிக்கு 15 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 10 சதவீதமும் கூலியை உயர்த்தித் தருவதென்ற உடன்பாட்டில் முடிந்தது.

அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய அதே 2024-25 நிதியாண்டில்தான் தமிழ்நாட்டின் பொருளாதாரம், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், 11.19 சதவீதம் வளர்ந்தது என்று ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் கணக்கிட்டது. இந்தியா முழுமைக்கும் அந்த ஆண்டின் வளர்ச்சி 6.5 சதவீதம். ஒரு மாநிலம் நாட்டின் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் வளரும்போது, அந்த மாநிலத்தின் மிக உழைப்பு மிகுந்த தொழில் ஒன்றில் 10 சதவீதக் கூலி உயர்வுக்காக ஒரு மாத வருமானத்தை இழக்க மக்கள் தயாராக இருந்தார்கள் என்றால், இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டும் உண்மைதான். வேலையின் அளவு கூடியிருக்கிறது. வேலையின் விலை அதே வேகத்தில் கூடவில்லை. சாதாரணத் தொழிலாளிக்கும் சிறுதொழில் நடத்துபவருக்கும் நிலைமை முன்னேறுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் இருவேறு பதில்கள் வருவது, ஒருவர் வேலையின் அளவையும் மற்றவர் அதன் விலையையும் பார்ப்பதால்தான்.

கூலித்தறி எப்படி நடக்கிறது என்பதிலிருந்தே இதைத் தொடங்கலாம். நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறி வைத்திருப்பவர் அதைத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து, ரகத்துக்கு ஏற்ற கூலியைப் பெற்றுக்கொள்வார். நூலும் அவருடையதல்ல, துணியும் அவருடையதல்ல. தறியும் கொட்டகையும் மின் இணைப்பும் கடனும் மட்டுமே அவருடையவை. அந்தக் கூலியில்தான் தறி ஓட்டும் ஆளுக்குச் சம்பளம், பாவு பிணைக்கும் செலவு, உதிரிபாகம், வங்கித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். ஆறு அல்லது எட்டுத் தறி வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் மாறி மாறி நின்று ஓட்டும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இவர்கள் முதலாளிகளா, தொழிலாளிகளா என்று கேட்டால் அரசின் பதிவேட்டில் ‘குறுந்தொழில் நிறுவனம்’ என்று இருக்கும். பகல் முழுவதும் தறிக்கு அருகில் நிற்பவரின் முதுகைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

இந்தக் கூலியின் கதையைத் தேதி வாரியாகப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். 2014இல் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஒப்பந்தப்படியான கூலி தொடர்ந்து கிடைக்கவில்லை, இடையில் குறைக்கப்பட்டது என்பது தறியாளர்களின் நெடுநாள் குறை. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் என்று பேசி முடித்தார்கள்; அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் மீண்டும் தறிகள் நின்றன. பிறகு 2025இல் அடுத்த வேலைநிறுத்தம். இதே 11 ஆண்டுகளில், 2014க்கும் 2025க்கும் இடையே, நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீடு 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அரிசி, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பேருந்து எல்லாம் ஆண்டுதோறும் தாமாகவே ஏறிக்கொண்டிருக்க, கூலி மட்டும் ஒவ்வொரு முறையும் போராடினால்தான் ஏறும் என்ற நிலை. போராடும் நாட்களின் வருமான இழப்பையும் கணக்கில் எடுத்தால், 10 சதவீத உயர்வின் முதல் பல மாதங்கள் அந்த இழப்பை ஈடுகட்டவே போய்விடும்: ஒரு மாத வருமானத்தை இழந்து 10 சதவீதம் கூடுதலாகப் பெறுபவருக்கு, இழந்ததை மீட்கவே 10 மாதங்கள் ஆகும்.

இது நெசவுக்கு மட்டும் உரிய நிலையா, நாடு முழுக்க இப்படித்தானா? அதை அறிய, முதலில் வேலையின்மைக் கணக்கைப் பார்ப்போம். ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 சதவீதமாகக் குறைந்தது. பெண்களில் வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்களின் பங்கு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்தது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆனால் யார் எந்த விதமான வேலையில் சேர்ந்தார்கள் என்று அதே கணக்கெடுப்பைப் புரட்டினால், சுயதொழில் செய்பவர்களின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 சதவீதமாகக் கூடியிருப்பதும், மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்திருப்பதும் தெரிகிறது. சுயதொழில் என்பதற்குள்ளேயே, குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவி செய்பவர்கள் 13.6 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமாகப் பெருகியிருக்கிறார்கள். ஆறு தையல் மிஷின் வைத்து யூனிட் நடத்தியவர் நான்கை விற்றுவிட்டு, வீட்டுத் திண்ணையில் இரண்டு மிஷினோடு உட்கார்ந்து, மனைவியும் மகளும் பிசிறு வெட்டி உதவ வேலை செய்தால், இந்தக் கணக்கெடுப்பில் அது ஒரு சுயதொழிலாகவும் இரண்டு புதிய வேலைகளாகவும் பதிவாகும்.

இன்னொரு விதியையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நடப்பு வார அளவீட்டில், கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணிநேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவராகவே கருதப்படுவார். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறைதான் இது. இதில் சூது ஒன்றும் இல்லை. ஆனால் பனியன் கம்பெனியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்த்தவருக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகும்போது, அவருடைய அடுப்பில் ஏற்படும் மாற்றத்தை வேலையின்மை விகிதம் காட்டாது.

வருமானத்தைப் பற்றிய கணக்கும் அரசிடமே இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, விலைவாசியைக் கழித்த மாத வருமானத்தை ஒப்பிட்டது. ஆண்களில் மாதச் சம்பளக்காரர்களின் வருமானம் 2017-18இல் 12,665 ரூபாயாக இருந்து 2023-24இல் 11,858 ரூபாயாகவும், சுயதொழில் செய்பவர்களின் வருமானம் 9,454 ரூபாயிலிருந்து 8,591 ரூபாயாகவும் குறைந்தது. தினக்கூலிக்காரர்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு 203 ரூபாயிலிருந்து 242 ரூபாயாக உயர்ந்தது. ஆறு ஆண்டுகளில் கீழ்த்தட்டில் இருக்கும் தினக்கூலி கொஞ்சம் மேலேறியிருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் சிறு கடைக்காரர், ஜாப் ஒர்க் (பிறர் தரும் பொருளில் கூலிக்கு வேலை) செய்பவர், சாதாரண மாதச் சம்பளக்காரர் சற்றே கீழே இறங்கியிருக்கிறார்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: 2023-24இல் பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தபோது அவற்றின் வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே உயர்ந்தது. வளர்ச்சி எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எனினும் எதுவுமே முன்னேறவில்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் ஒருவருக்கான மாத நுகர்வுச் செலவு 2023-24இல் கிராமங்களில் 5,701 ரூபாய், நகரங்களில் 8,165 ரூபாய். நாட்டின் சராசரி முறையே 4,122, 6,996 ரூபாய். இங்குள்ள கிராமத்துக் குடும்பம் நாட்டின் சராசரிக் கிராமத்துக் குடும்பத்தைவிடத் தெளிவாகவே வசதியாகச் செலவு செய்கிறது. அமைப்புசாராச் சிறு நிறுவனங்களின் எண்ணிக்கை 2022-23இல் 6.50 கோடியிலிருந்து 2023-24இல் 7.34 கோடியாகவும், அவற்றில் வேலை செய்பவர்கள் 10.96 கோடியிலிருந்து 12.06 கோடியாகவும் கூடினார்கள்; கூலியாள் ஒருவரின் சராசரி ஆண்டு ஊதியம் அந்த ஓராண்டில் 13 சதவீதம் உயர்ந்து சுமார் 1.41 லட்சம் ரூபாயானது. ஆனால் 2015-16இல், அதாவது பணமதிப்பு நீக்கமும் ஜிஎஸ்டியும் கொரோனாவும் வருவதற்கு முன்பு, இதே துறையில் 11.13 கோடிப் பேர் வேலை செய்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2022-23இலும், அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை. ஆகவே பிந்தைய ஆண்டின் பாய்ச்சலில் கணிசமான பகுதி, விழுந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பதுதான்.

விலைவாசியிலும் ஒரு பெரிய இறக்கம் நடந்தது. 2024 அக்டோபரில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 10.87 சதவீதம் கூடுதலாக இருந்தது. தக்காளியும் வெங்காயமும் சமையல் எண்ணெயும் வீட்டுக் கணக்கை உலுக்கிய காலம் அது. 2025 அக்டோபரில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் குறைந்து, ஒட்டுமொத்தப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு வந்தது. கூலி ஒரு ரூபாய்கூட ஏறாத குடும்பத்துக்கும் இது நிம்மதி. ஆனால் விளைச்சல் கூடியதால் வந்த நிம்மதி அடுத்த மழை பொய்த்தால் போய்விடும். கூலி உயர்ந்ததால் வரும் நிம்மதி அப்படிப் போகாது.

திருப்பூரில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். அங்கே சம்பளத்தை மாதக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட். காலையில் வந்து இரவு வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். வாரச் சம்பளம் சனிக்கிழமை. ஊரின் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் வரவுசெலவை ஒன்றரை ஷிப்டின் மேல்தான் கட்டியிருக்கின்றன. வீட்டு வாடகையும் குழுக் கடன் தவணையும் அந்தக் கணக்கில்தான் பொருந்தும். ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு வாரத்தில் ஒன்பது ஷிப்ட் சம்பளம். ஆர்டர் குறைந்து ஒற்றை ஷிப்ட் ஆனால் ஆறு ஷிப்ட் சம்பளம். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஷிப்ட் கூலியை ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை; ஆனால் வீட்டுக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது இந்த ஆபத்துதான் எதிரே வந்து நின்றது. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆர்டர் நின்றால் அதன் சொந்தத் தொழிற்சாலைக்கு முதலில் பாதிப்பு வராது. தன் வளாகத்து மிஷின்கள் நிற்காமல் இருக்க, வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்ததை அது உள்ளே எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் வாரத்திலேயே வெறுமையாவது பவர்டேபிள் எனப்படும் தையல் யூனிட், பிறகு செக்கிங், அயர்னிங், காஜா பட்டன் செய்யும் சிறு இடங்கள். நல்ல காலத்தில் இவர்களுக்குக் கூடுதல் வேலை வரும், கூடுதல் விலை வராது. கெட்ட காலத்தில் முதலில் வெட்டப்படுவது இவர்களுடைய வேலை. 2022 மே மாதத்தில் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதும் இதேதான் நடந்தது. நூல் விலை ஏறினால் துணியின் விலையைக் கூட்டிக் கேட்பார்கள். முடியாவிட்டால் தையல் கூலியைக் குறைத்துக் கேட்பார்கள்.

திருப்பூரின் 15 வேலம்பாளையம் பக்கத்தில் அப்படியொரு யூனிட்டில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மிஷின்கள், ஓடிக்கொண்டிருந்தவை ஏழு. நடத்துபவர் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் காட்டினார். இடப்பக்கத்தில் தேதியும் பில் தொகையும்; வலப்பக்கத்தில் பணம் வந்த தேதி. இடப்பக்கம் நெருக்கமாக நிரம்பியிருந்தது. வலப்பக்கத்தில் கடைசி பத்துப் பதினைந்து வரிகள் வெறுமையாக இருந்தன. “பில் போட்ட அன்னைக்கே எனக்கு வருமானம் வந்துட்டதுன்னு கவர்மெண்ட் கணக்குங்க. பணம் வர மூணு மாசமாகுது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இவங்ககிட்ட, மூணு மாசம் பொறுங்கன்னு சொல்ல முடியுங்களா?” என்றார். மிஷினில் இருந்த பெண் ஒருவர் தலையைத் தூக்காமலே, “அண்ணன் ஒரு சனிக்கிழமைகூடத் தவற விட்டதில்லீங்க” என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காக விரித்துப் பார்க்கலாம். மாதம் 3 லட்சம் ரூபாய்க்குத் தையல் வேலை செய்யும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு நாள் கடனில் வேலை செய்தால், எப்போதும் 9 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். வங்கிக் கடன் கிடைக்காமல் இரண்டு வட்டிக்கு வாங்கி அதைச் சமாளித்தால் மாதம் 18,000 ரூபாய் வட்டி. நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் மாத லாபம் 30,000. அதில் பாதிக்கு மேல் வட்டியாகப் போய்விடும். ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் அந்த 15,000 ரூபாயை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வேலை கொடுத்தவர் பணம் தந்தாரா என்பதை வரித்துறை கேட்பதில்லை. மேலும் ஜாப் ஒர்க் என்பது சட்டத்தில் பொருள் விற்பனை அல்ல, சேவை. பொருள் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் பதிவு விலக்கு இவருக்கு 20 லட்சத்தோடு முடிந்துவிடுகிறது.

இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வழக்குப் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அடுத்த சீசனில் வேலை வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் வழியாக இன்னொரு கட்டுப்பாடு வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் பணம் தராதவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. சிறுதொழில் நடத்துபவர் புகார் கொடுக்காமலே பெரியவரின் கையைப் பிடிக்கும் ஏற்பாடு என்பதால் இதை நான் நல்ல திருத்தம் என்றே கருதுகிறேன். ஆனால் பதிவு பெற்ற சிறு யூனிட்டை விட்டுவிட்டுப் பதிவில்லாதவருக்கோ நடுத்தர நிறுவனத்துக்கோ வேலையை மாற்றுவதாகவும், பதிவை ரத்து செய்துவிட்டு வரும்படி கேட்பதாகவும் புகார்கள் எழுந்தன. விலை பேசும் வலிமை இல்லாதவருக்குச் சட்டம் தரும் உரிமையைக் கூட, வேலையை இழக்கும் பயம் பறித்துவிடுகிறது.

கோவையின் லேத் பட்டறைகளில் இதே கதைக்கு மின்கட்டணம் இன்னொரு முகம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் மாற்றியமைக்கப்பட்டபோது, பட்டறைகளை வாட்டியது யூனிட் விலையைவிட நிலைக்கட்டணம்தான். கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது, இணைப்பின் அளவுக்கு ஏற்பப் பல மடங்கானது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது; ஆர்டர் இல்லாத மாதத்தில் அது தண்டனை போலாகிவிடும். உச்சநேரக் கட்டணமும் சேர்ந்துகொள்ளவே, 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறுதொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின. உச்சநேரக் கட்டணத்தில் அரசு ஓரளவு குறைத்துக்கொடுத்தது. இருந்தாலும் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜூலை மாதத்தில் முறையே 2.18, 4.83, 3.16 சதவீதம் கட்டணம் ஏறியது. மின்வாரியத்தின் கடன் சுமை உண்மையானது, அதை யாராவது சுமக்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய பம்ப்செட் நிறுவனம் மின்கட்டண உயர்வைப் பம்பின் விலையில் ஏற்றிவிடலாம். அதற்குத் தண்டு கடைந்து கொடுக்கும் பட்டறை, பீஸுக்கு ஐம்பது காசு கூட்டிக் கேட்டால் பக்கத்துத் தெருவில் பழைய விலைக்கே செய்து தர ஆள் இருக்கிறது என்ற பதில் வரும். கட்டுப்படி ஆகாத விலைக்கும் வேலையை ஏற்றுக்கொள்வது, மிஷின் தவணை நிற்காது என்பதால்தான்.

இந்த இடைவெளியை நிரப்புவது நகை. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வெள்ளிக்கிழமை சங்கிலி அடகுக்குப் போகும். பில் பணம் வந்ததும் மீளும். பிறகு மறுபடியும் போகும். 2024 மார்ச்சுக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையில் நாட்டின் வங்கிகளில் நகைக்கடன் நிலுவை ஏறத்தாழ இரு மடங்கானது. தங்கத்தின் விலை ஏறியதும், வேளாண் கடன் என்ற பெயரில் இருந்தவை நகைக்கடன் கணக்குக்கு மாற்றப்பட்டதும் அதில் ஒரு பகுதி. மிச்சப் பகுதியை மக்களின் கைமுதல் தேவை என்றுதான் படிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நகைக்கடனுக்குக் கடுமையான விதிகளை ரிசர்வ் வங்கி முன்வைத்தபோது தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு இன்றி எதிர்ப்பு எழுந்ததும், பின்னர் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு விதிகள் தளர்த்தப்பட்டதும் இதனால்தான். இங்கே தங்கம் சேமிப்பு மட்டுமல்ல. சிறுதொழிலின் ஓவர் டிராஃப்ட் கணக்கும் அதுவே. நகை இல்லாதவர்கள் நுண்கடன் நிறுவனங்களிடம் போகிறார்கள். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது, தவணை கட்ட முடியாதவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. வங்கியில் வீட்டுக்கடன் வைத்திருப்பவர் அதை உணர்ந்திருப்பார், இரண்டு வட்டிக்கு வாங்குபவருக்கு அது இன்றும் இரண்டு வட்டிதான்.

தொழில் நடத்துபவர்களிடம் பேசினால் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். தொழிலாளிகளிடம் பேசினால் கூலி கட்டுப்படி ஆகவில்லை என்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இல்லையென்றால் திருப்பூர் நாளையே நின்றுவிடும். அவர்கள் வந்ததால் கூலி ஏறவில்லை என்ற பேச்சும் டீக்கடைகளில் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. தையல் கூலியைத் தீர்மானிப்பது பக்கத்து மிஷினில் இருப்பவர் அல்ல. ஒரு டீ ஷர்ட்டுக்கு இத்தனை டாலர்தான் தருவேன் என்று கடல் கடந்து முடிவு செய்யும் வாங்குநரும், அந்த விலைக்குள் மற்ற எல்லோருக்கும் பங்கைப் பிரித்துவிட்டுக் கடைசியில் மிஞ்சுவதைத் தையலுக்கு ஒதுக்கும் முறையும்தான். அந்த மிச்சத்தில் சமூகப் பாதுகாப்பும் கரைகிறது. பிஎஃப்புக்கான சம்பள வரம்பு 2014 முதல் 15,000 ரூபாயாகவும், இஎஸ்ஐக்கான வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயாகவும் நின்றுவிட்டன. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப் கட்டாயம் என்பதால் ஒரே கட்டடத்தில் இரண்டு பெயர்ப்பலகைகள் தொங்குவதைக் காணலாம்.

கூலி தராததை வேறு வழிகளில் அரசு தந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போகிறது. ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. மூன்றையும் கூட்டினால், செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்துக்கு அருகில் வரும். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருப்பதற்கு இந்தப் பேருந்துக்கும் விடுதிக்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் பங்கு உண்டு. இது முன்னேற்றம்தான், அதைச் சலுகை என்று இழிவாகப் பேசுபவர்கள் அந்த வீடுகளின் கணக்கைப் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தொகை கூலியின் இடத்தில் வந்து நிற்கும்போது, குறைவான கூலியைத் தருபவருக்கும் அது மறைமுக மானியமாகிவிடுகிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி என்பது அவற்றின் முக்கிய வாக்குறுதி. நாடு தழுவிய அடிப்படைக் கூலியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தொகை நாளொன்றுக்கு 178 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே 2025-26இல் 336 ரூபாய். புதிய அடிப்படைக் கூலி எவ்வளவு என்பதில்தான் அந்த வாக்குறுதியின் எடை இருக்கிறது. சோமனூர்த் தறியாளருக்கோ அது எவ்வளவாக இருந்தாலும் பொருந்தாது. அவரிடம் வேலை செய்யும் ஆளுக்கு அவர் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். அவருக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டியவர் சட்டத்தின் பார்வையில் யாரும் இல்லை, ஏனென்றால் அவர் தொழிலாளி அல்ல, நிறுவனம். 2025 வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று, பேசி முடிக்கும் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது. 15 சதவீதமும் 10 சதவீதமும் கிடைத்தன. பழைய ஒப்பந்தங்களைப் போலவே, தவறினால் மீண்டும் தறியை நிறுத்துவதைத் தவிர அவர்களிடம் வேறு பிடிமானம் இல்லை.